முந்நூறு வரை

ஒரு கண்ணாடிச் சில்லுக்கு
முந்நூறு எண்ண வேண்டும்.
வலது கையில் கவுன்ட்டர்,
இடது கை நுண்ணோக்கியின் திருகில்,
பக்கத்தில் ஆறிப்போன தேநீர்.

புல்லி படுகையிலிருந்து கல் கொண்டுவருவது திராய்ச்சே.
சுரங்கத்தில் கூரைக்கு போல்ட் அடிக்கிறவன்.
சுட்ட குடைமிளகாய் விழுது மணக்கும்
சாப்பாட்டு டப்பாவில் மூன்று துண்டு:
கரியில் ஒன்று,
கரி முடிகிற இடத்தில் ஒன்று,
அதற்கு ஒரு சாண் மேலே ஒன்று.

"கீழே கறுப்பு, மேலே சாம்பல்.
நடுவில் கத்தி வைத்த மாதிரி கோடு.
தினமும் என் ஹெல்மெட் அதில்தான் இடிக்கிறது."

அந்தக் கோட்டில்
ஓர் உலகம் முடிந்தது என்றேன்.
இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்னால்.
அவன் சிரிக்கவில்லை.
"அப்போ நான்
அது ஆட்கள் தலையில் விழாமல்
ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன்."

முதல் துண்டு சொன்னபடி கேட்டது.
நாக்கு இலை மரங்களின் மகரந்தம்,
இரு பக்கமும் காற்றுப்பை, உடம்பில் வரி,
கும்பல் கும்பலாய்.
முக்கால் மணியில் முந்நூறு.
தென்துருவம் பக்கமாய்க் கிடந்த சதுப்பு அப்போது இந்த ஊர்.
மாதக்கணக்கில் இருட்டு.
இருட்டுக்கு முன் உதிர்ந்து
வெளிச்சம் வந்ததும் துளிர்த்து
உதிர்ந்தது உதிர்ந்த இடத்திலேயே கிடந்து கறுத்து
அதைத்தான் இப்போது
கப்பலில் ஏற்றுகிறார்கள்.
எத்தனை நாக்கு.
காற்று வந்தால் என்ன இரைச்சல் போட்டிருக்கும்!

இரண்டாவதில் எரிந்த மரத் துணுக்கு.
அவ்வளவுதான்.

மூன்றாவதில் பேச்சுமூச்சில்லை.
கோடு கோடாக நகர்த்திப் பார்த்தேன்,
உழுகிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு.
கறுப்புத் தூசி. குட்டைப் பாசி உருண்டை இரண்டு.
அமிலத்தில் கை தவறியிருக்கும் என்று
மறுபடி கரைத்தேன்.
மறுபடி.
பாறையே கரைகிற அமிலத்துக்கும் கரையாதது மகரந்தம்.
இருந்தால்
இருந்திருக்கும்.

அது ஜனவரி.
மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தது.
பகல் இரண்டு மணிக்கு ஆரஞ்சு நிறத்தில் இருட்டு,
ஆய்வகக் கதவிடுக்கில் ஈரத் துணி திணித்திருந்தோம்.
நான்காம் சில்லின் ஓரத்தில்
ஒரு முக்கோணம்.
கட்டைவிரல் கவுன்ட்டரை அமுக்கியே விட்டது.

பிறகுதான் கண் பார்த்தது. யூகலிப்டஸ்.
இந்தக் கோடையுடையது,
அவன் சட்டையிலோ என் தலைமுடியிலோ வந்தது.
வீடு மாறி நுழைந்த விருந்தாளி போல
ஒருவரும் இல்லாத கூடத்தில்
தனியாக உட்கார்ந்திருந்தது.
விதிப்படி அயல் கலப்பு. சேர்க்கக் கூடாது.
கவுன்ட்டரில் ஒன்றைக் குறைக்கப் பொத்தான் கிடையாது,
முழுக்க அழிக்க மட்டும்தான் உண்டு.
கொஞ்ச நேரம்
1 என்றே விட்டுவைத்தேன்.

கோல்கிளிஃப் கடற்பாறையில் இன்னும் மேலே போனால்
ஏதேதோ வந்திருப்பது தெரியும்.
தடித்த இலைக்காரப் புதர்கள்,
ஒற்றைத் தண்டில் தலை சிலுப்பிய குட்டைச் செடிகள்,
வேலியோரம் தானாய் முளைப்பவற்றின் முகஜாடை.
கரியாகும் அளவுக்கு ஒன்றும் உதிரவில்லை.
ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு,
உலகில் எங்குமே கரி இல்லை.

"ஒரு கோடி வருஷம் வேலை இல்லையா?" என்றான் திராய்ச்சே.
யூனியன் என்ன செய்ததாம்.

டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.
"அந்தப் பூஜ்யம் எவ்வளவு உயரம்?
ஒரு சாணா? ரெண்டா?"

தெரியாது. உன் போல்ட் எவ்வளவு நீளம்?

"ஆறடி."

அடுத்த தடவை துளை போடும்போது
கடைசியாய் வருகிற தூளைப்
பிடித்துக்கொண்டு வா.